ஹுகோவ் இல்லாத நாட்டில் ரேஷன் அட்டை செய்கிற வேலை: நீலகிரியிலிருந்து ஒரு பதில்

கேள்வி இதுதான்: சீனாவில் ‘ஹுகோவ்’ என்ற குடும்பப் பதிவு முறை, கிராமத்து மக்கள் நகரத்தில் குடியேறுவதைத் தடுக்கிறது என்கிறார்கள். இந்தியாவில் யாரும் எங்கும் போய் வாழலாம். அப்படியிருக்க, கோத்தகிரிப் பக்கத்தில் எங்கள் சிறு தேயிலைத் தோட்டத்துக்கு ஜார்க்கண்டிலிருந்து வருகிறவர்கள் ஏன் சில மாதம் இருந்துவிட்டுத் திரும்பிப் போய்க்கொண்டே இருக்கிறார்கள்? இப்போது ஒரு கணவன், மனைவி, இரண்டு குழந்தைகள் எங்களோடு இருக்கிறார்கள். அவர்கள் இங்கே ரேஷன் வாங்க வழி உண்டா?

முதல் கேள்விக்கான பதிலில்தான் இரண்டாவது கேள்விக்கான பதிலும் இருக்கிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நான் புரிந்துகொண்டது இது: இன்றைய பதிவு விதிகள் ஆள் நகர்வதைத் தடுப்பதில்லை. ஒரு குடும்பத்தில் யார் போவது, யார் ஊரிலேயே தங்குவது, போனவர் எவ்வளவு காலம் இருப்பது என்பதைத்தான் அவை முடிவு செய்கின்றன. சீனாவில் அதைச் செய்வது ஒரே ஒரு பதிவேடு. நம்மிடம் அந்த வேலையை ஐந்தாறு அட்டைகளும் சான்றிதழ்களும் பங்குபோட்டுச் செய்கின்றன. அதனால்தான் அது கண்ணில் படுவதில்லை.

சீனக் கதை நம் ஊரில் பாதிதான் தெரியும். 1953இல் அந்த அரசு தானியக் கொள்முதல் முழுவதையும் தன் கையில் எடுத்தது. விவசாயி விளைச்சலை அரசுக்கே விற்க வேண்டும். நகரவாசி கூப்பன் காட்டித் தானியம் வாங்க வேண்டும். 1958 ஜனவரியில் குடும்பப் பதிவுச் சட்டம் வந்தது. ஒவ்வொரு குடும்பமும் ‘விவசாயக் குடும்பம்’ அல்லது ‘விவசாயம் சாராத குடும்பம்’ என்று எழுதப்பட்டது. பிறக்கும் பிள்ளைக்குத் தாயின் பதிவே வந்தது. தந்தை வழியிலும் பெறலாம் என்ற மாற்றம் 1998இல்தான் நடந்தது. கிராமப் பதிவு உள்ளவருக்கு நகரத்துக் கூப்பன் கிடையாது. கூப்பன் இல்லாதவருக்கு நகரத்தில் வேலையும் இல்லை, வீடும் இல்லை, சோறும் இல்லை. 1959க்கும் 1961க்கும் இடையே வந்த கொடும் பஞ்சத்தில் பட்டினி கிடந்தது பெரும்பாலும் தானியம் விளைவித்த கிராமங்கள்தான். அந்தக் காலத்தில் ஹுகோவ் உண்மையிலேயே ஒரு வேலியாக இருந்தது.

1980களில் தொழிற்சாலைகள் வந்தபோது வேலி திறந்தது. 1993 வாக்கில் தானியக் கூப்பன்களும் ஒழிந்தன. ஆனால் பதிவேடு இருந்தது. நகரத்தில் உரிய காகிதம் இல்லாமல் பிடிபட்டவரைக் காவலில் வைத்து ஊருக்கு அனுப்பும் முறையும் இருந்தது. 2003 மார்ச்சில் ஹூபெய் மாகாணத்தைச் சேர்ந்த சுன் ஷிகாங் என்ற இளைஞர் குவாங்சோ நகரில் இப்படிப் பிடிபட்டு, காவலில் அடித்துக் கொல்லப்பட்டார். அதன் பிறகு எழுந்த கொந்தளிப்பில் அந்த ஆண்டே அந்த முறையைக் கைவிட்டார்கள். 2014இல் விவசாயக் குடும்பம், விவசாயம் சாராத குடும்பம் என்ற பிரிவையே நீக்குவதாக அறிவித்தார்கள். சிறு நகரங்களில் பதிவு பெறுவது இப்போது எளிது. பெய்ஜிங், ஷாங்காய் போன்ற பெருநகரங்களில் படிப்பு, வரி, காப்பீடு செலுத்திய ஆண்டுகள் என்று மதிப்பெண் போட்டுத்தான் தருகிறார்கள்.

விளைவு 2020 கணக்கெடுப்பில் தெரிந்தது. சீன மக்களில் 63.89 சதவீதம் பேர் நகரத்தில் வசித்தார்கள். நகரப் பதிவு பெற்றிருந்தவர்கள் 45.4 சதவீதம் மட்டுமே. பதிவு ஓர் ஊரிலும் பிழைப்பு வேறோர் ஊரிலுமாக அலைகிறவர்கள் 37.58 கோடி. இவர்களை யாரும் வரவேண்டாம் என்று சொல்லவில்லை. வரலாம், உழைக்கலாம், ஆனால் பிள்ளையை உயர்நிலைப் பள்ளிக்கும் கல்லூரி நுழைவுத் தேர்வுக்கும் பெரும்பாலும் பதிவுள்ள மாகாணத்துக்குத்தான் அனுப்ப வேண்டும். அதனால் பிள்ளைகள் பாட்டி தாத்தாவோடு கிராமத்தில் இருந்தார்கள். 2010 கணக்கெடுப்பை வைத்து அந்நாட்டுப் பெண்கள் கூட்டமைப்பு 2013இல் மதிப்பிட்டபடி, பெற்றோரில் ஒருவரோ இருவருமோ வெளியூர் போய்விட, கிராமத்தில் விடப்பட்ட பிள்ளைகள் 6.1 கோடிப் பேர்.

இதில் நம்மவர்கள் அதிகம் பேசாத ஒரு பக்கம் உண்டு. நகரப் பதிவு தருகிறோம் என்று அழைத்தாலும் பல கிராமத்தார் வாங்கிக்கொள்வதில்லை. கிராமப் பதிவோடுதான் சாகுபடி நிலத்தின் குத்தகை உரிமையும் வீட்டு மனையும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. நகரத்து வேலை நாளை போகலாம். நிலம் போனால் திரும்பாது. அதனால் உடம்பு நகரத்தில், பெயர் கிராமத்தில் என்று இருப்பதே அவர்களுக்குப் பாதுகாப்பு. உங்கள் தோட்டத்துக்கு வந்திருக்கும் குடும்பத்தைப் புரிந்துகொள்ள இந்தப் பக்கம் மிகவும் முக்கியம்.

இனி நம் நாடு. அரசியலமைப்பின் 19ஆம் பிரிவு, நாட்டின் எந்தப் பகுதிக்கும் தடையின்றிப் போகவும் அங்கே வசிக்கவும் ஒவ்வொரு குடிமகனுக்கும் உரிமை தருகிறது. நீலகிரிக்கு வர இன்று இ-பாஸ் கேட்கிறார்களே என்று சிலர் நினைக்கலாம். 2024 மே முதல் உயர் நீதிமன்ற உத்தரவால் நடைமுறையில் இருக்கும் அந்த அனுமதி, சுற்றுலா வாகனங்களின் எண்ணிக்கையை அறிவதற்காக வந்தது. பஸ்ஸில் வருகிற தொழிலாளியை அது தொடுவதில்லை. மேட்டுப்பாளையத்தில் இறங்கி மலை ஏறுகிற ஜார்க்கண்ட் இளைஞனை யாரும் நிறுத்துவதில்லை.

அப்படியும் ஒரு தடை இருக்கிறது. 2001 கணக்கெடுப்புத் தரவுகளை வைத்து உலக வங்கி ஆய்வாளர்கள் செய்த ஓர் ஆய்வு 2018இல் வெளியானது. அக்கம்பக்கத்து மாவட்டங்கள் இரண்டு ஒரே மாநிலத்தில் இருந்தால், அவற்றுக்கிடையே மக்கள் இடம்பெயர்வது, நடுவில் மாநில எல்லை வரும் மாவட்டங்களைவிடக் குறைந்தது 50 சதவீதம் அதிகம் என்று அவர்கள் கண்டார்கள். தூரம், மொழி எல்லாவற்றையும் கணக்கில் கொண்ட பிறகும் அந்த வித்தியாசம் இருந்தது. எல்லையில் சுவர் இல்லை. பயன்களும் சான்றிதழ்களும் மாநிலத்தோடு நின்றுவிடுகின்றன என்பதே அவர்கள் சொன்ன காரணம். பந்தலூர்ப் பக்கம் இருக்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தாளூரிலும் பாட்டவயலிலும் சாலையின் இந்தப் பக்கம் தமிழ்நாடு, அந்தப் பக்கம் கேரளம். காலையில் வயநாட்டுக்குக் கூலி வேலைக்குப் போய் மாலையில் திரும்புகிறவர்கள் ஏராளம். கூலி அங்கே அதிகம் என்று தெரிந்தும் வீட்டை மாற்றிக்கொண்டு போகிறவர்கள் குறைவு. அட்டை இந்தப் பக்கத்தில் இருக்கிறது.

தமிழ்நாட்டில் அந்த அட்டைக்கு இருக்கிற கனம் மற்ற மாநிலங்களில் பலவற்றில் இல்லை. இங்கே பொது விநியோகம் எல்லோருக்குமானது. அரிசி இலவசம், சர்க்கரை, துவரம் பருப்பு, பாமாயில் குறைந்த விலையில், பொங்கலுக்குப் பரிசுத் தொகுப்பு. 2023 செப்டம்பர் 15 முதல் தருகிற கலைஞர் மகளிர் உரிமைத் தொகை மாதம் 1,000 ரூபாயும் குடும்ப அட்டையை வைத்தே கணக்கிடப்படுகிறது. அட்டைதான் இங்கே குடும்பம் என்பதற்கே அத்தாட்சி. மாநிலம் தன் பணத்திலிருந்து இவ்வளவு கொடுப்பதால்தான் அட்டையை இவ்வளவு கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறது. தாராளமான அரசுதான் வாசலில் அதிகம் கேள்வி கேட்கும். சீனப் பெருநகரங்களிலும் நடப்பது இதுதான்.

புதிய அட்டை வேண்டுமென்றால் விதிகள் இப்படி: ஒருவர் பெயர் ஓர் அட்டையில்தான் இருக்கலாம், பழைய அட்டையில் பெயர் நீக்கப்பட்டிருக்க வேண்டும், ஆதாரில் தமிழ்நாட்டு முகவரி வேண்டும், தனியாகச் சமைத்து வசிக்கும் வீட்டுக்கு ஆவணம் வேண்டும். வெளி மாநிலத்தவருக்கு அட்டை கிடையாது என்று எங்கும் எழுதப்படவில்லை. ஆனால் தோட்டத்துக் கொட்டகையில் தங்கியிருப்பவரிடம் வாடகை ஒப்பந்தமோ மின் கட்டண ரசீதோ எங்கிருந்து வரும்? இதில் உள்ளூர்க்காரர்களே திண்டாடுகிறார்கள். கூடலூரில் 1969ஆம் ஆண்டின் ஜென்மம் நில ஒழிப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவில் சிக்கி, உரிமை முடிவாகாமல் கிடக்கும் நிலங்களில் தலைமுறைகளாகக் குடியிருப்போருக்குப் பட்டா இல்லை. பட்டா இல்லாத வீட்டுக்கு மின் இணைப்பு வாங்க அவர்கள் எத்தனை ஆண்டு போராடியிருக்கிறார்கள் என்பது மாவட்டம் அறிந்தது. மின் இணைப்பு இல்லாத வீட்டுக்கு ரசீதும் இல்லை.

‘ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டை’ வந்துவிட்டதே என்பீர்கள். வந்தது. தமிழ்நாடு 2020 அக்டோபரில் சேர்ந்தது. கடைசி மாநிலமாக அசாம் 2022 ஜூனில் சேர்ந்தது. அதுவரை இந்த மலையில் கொழுந்து பறித்த அசாம் பெண்களுக்கு அது ஏட்டளவில்தான் இருந்தது. அது எப்படி வேலை செய்கிறது என்பதைக் கோத்தகிரிக்குக் கீழே ஒரு நியாயவிலைக் கடையில் பார்த்திருக்கிறேன். வரிசையில் ஒரு ஜார்க்கண்ட் பெண். முறை வந்ததும் கசங்கிய ஒரு தாளை நீட்டினார். அதில் அட்டை எண். விற்பனையாளர் எண்ணைத் தட்டிவிட்டு விரலை வைக்கச் சொன்னார். கொழுந்துக் கறை ஏறி, ரேகை தேய்ந்த விரல். கருவி ஏற்கவில்லை. சேலைத் தலைப்பில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார், இல்லை. இடது கை நடுவிரலுக்குத்தான் திரை ஒளிர்ந்தது. ஆறு பெயர் உள்ள அட்டை; தலைக்கு ஐந்து கிலோ வீதம் 30 கிலோ. மாமியார் வீட்டில் அந்த மாதம் 20 கிலோவை ஏற்கெனவே வாங்கிவிட்டார்கள். மீதி 10 கிலோ இருந்தது. அரிசியை அளந்து கொட்டியதும் அவர் எண்ணெய் பாக்கெட்டைக் காட்டினார். “அக்கா, உங்கள் அட்டைக்கு அரிசி மட்டும்தான்” என்றார் விற்பனையாளர், கடுமையாகச் சொல்லவில்லை. பின்னால் நின்ற பெண்கள் பருப்பும் எண்ணெயும் வாங்கிக்கொண்டு போனார்கள்.

அந்தப் பத்து கிலோ மதிப்பில்லாதது என்று நான் சொல்லமாட்டேன். மாதக் கூலியில் அரிசிச் செலவு பெருமளவு மிச்சமாகிறது. ஆனால் அட்டை எதைச் செய்கிறது என்று கவனியுங்கள். மத்திய அரசின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகிற அரிசி மட்டும்தான் ஊர் தாண்டி வருகிறது. மாநிலம் தருகிற எதுவும் வருவதில்லை. அந்தச் சட்டத்தின் ஒதுக்கீடு இன்னும் 2011 கணக்கெடுப்பின்படியே நடக்கிறது என்பதால், வந்தவரைத் தன் கணக்கில் சேர்த்துக்கொள்ள எந்த மாநிலத்துக்கும் ஊக்கம் இல்லை. பெயரை ஜார்க்கண்டிலிருந்து நீக்கிக்கொண்டு வா என்றால் அந்தப் பெண்ணும் வரமாட்டார். அங்கே பெயர் போனால் வீட்டுத் திட்டம் போகும், ஊராட்சி தரும் வேலை அட்டை போகும், மாமனார் நிலத்தில் கணவனின் பங்கு பற்றிய பேச்சில் குரல் மங்கும். சீன கிராமத்தார் நகரப் பதிவை மறுப்பதற்கும் இவர் ஊர் அட்டையை விடாமல் வைத்திருப்பதற்கும் காரணம் ஒன்றே.

அவர்களில் பலர் பழங்குடியினர் என்பதால் இன்னொரு சிக்கலும் உண்டு. இதை நம் தோட்ட முதலாளிகள் பலர் அறிந்திருப்பதில்லை. பட்டியல் பழங்குடியினர் என்பது மாநிலவாரியாக அறிவிக்கப்படுவது. முண்டா, ஒராவோன், சந்தால் மக்கள் ஜார்க்கண்டில் பழங்குடியினர். தமிழ்நாட்டின் பட்டியலில் அவர்கள் இல்லை. ஒரு மாநிலத்துப் பழங்குடித் தகுதி வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தவரோடு கூடவே வராது என்று 1990இல் மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆக, இந்தக் குழந்தைகள் கோத்தகிரியிலேயே வளர்ந்து, தமிழில் படித்து, இங்கேயே கல்லூரிக்கு விண்ணப்பித்தால் பொதுப் போட்டியில்தான் நிற்க வேண்டும். ஜார்க்கண்டுக்குத் திரும்பினால் இடஒதுக்கீடு இருக்கிறது. படிப்பில் அக்கறையுள்ள பெற்றோர் என்ன முடிவெடுப்பார்கள்? பிள்ளை ஒரு குறிப்பிட்ட வயதை எட்டியதும் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். நாம் ‘இவர்கள் நிலையாக இருப்பதில்லை’ என்று சலித்துக்கொள்வோம்.

வெளியாரைப் பற்றி மட்டும் பேசினால் பாதி உண்மைதான் சொன்னதாகும். மலையிலிருந்து கீழே இறங்குகிறவர்களையும் ஒரு பதிவேடுதான் வழிநடத்துகிறது. தோட்டத்தின் செக்ரோல், அதாவது தொழிலாளர் பெயர்ப் பட்டியல். 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், ஐந்து ஹெக்டேரும் பதினைந்து தொழிலாளரும் அதற்கு மேலும் உள்ள தோட்டங்களுக்கு வீடு, மருத்துவம், பிள்ளைக் காப்பகம் என்று கடமைகளை விதித்தது. (உங்கள் தோட்டம் அந்த வரம்புக்குள் வராது, சிறு விவசாயிகள் எல்லோரும் அப்படித்தான்.) நல்ல சட்டம். ஆனால் லைன் வீடு, அதாவது தோட்டம் தருகிற வரிசை வீடு, வேலையோடு ஒட்டியது. செக்ரோலில் பெயர் இருக்கும்வரை வீடு. பெயர் போனால் வீடும் போகும். ஓய்வுபெற்றவர் வீட்டைக் காலி செய்து சாவியைக் கொடுத்தால்தான் பணிக்கொடை என்று இழுத்தடிக்கிற தோட்டங்கள் உண்டு.

இதன் விளைவு ஒவ்வொரு லைனிலும் தெரியும். மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருப்பான், மகள் கோயம்புத்தூரில் ஒரு கடையில் இருப்பாள். அம்மாவுக்கு முழங்கால் தேய்ந்திருக்கும். ஆனாலும் கூடையை மாட்டிக்கொண்டு மலைச்சரிவில் ஏறுவார். அவர் பெயர் நீங்கினால் அறுபது வருடம் குடியிருந்த வீடு போய்விடும். அம்மா ஓய்வு பெறுகிற ஆண்டு நெருங்கும்போது, குடும்பத்தில் யாராவது ஒருவர் அந்தப் பெயரை ஏற்க வேண்டும். பெரும்பாலும் அது மருமகள். படித்தவளாக இருப்பாள், கீழே வேலையும் கிடைத்திருக்கும்; வீட்டைக் காப்பாற்ற மலைக்கு வருவாள். கணவன் மாதம் ஒருமுறை பஸ் ஏறி வருவான். இந்தக் குடும்பத்தைப் பிரித்தது கூலி வித்தியாசம் மட்டுமல்ல. வீடு யார் பெயரில் எந்தப் பதிவேட்டில் இருக்கிறது என்பதும்தான். நீலகிரியின் மக்கள்தொகை 2001இல் 7,62,141, 2011இல் 7,35,394. தமிழ்நாடு முழுக்க மக்கள்தொகை கூடிய பத்தாண்டில் இந்த மாவட்டத்தில் அது குறைந்தது. இளைஞர்கள் இறங்கினார்கள், பெயரைக் காக்க முதியவர்களும் பெண்களும் தங்கினார்கள். அந்த வெற்றிடத்துக்குத்தான் ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் ஆள் வருகிறது.

எங்கள் குடும்பமே காகிதத்தால் நகர்த்தப்பட்ட குடும்பம் என்பதால் இதில் எனக்கு ஒட்டுதல் அதிகம். இலங்கை சுதந்திரம் பெற்ற 1948இலேயே கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம், அங்கே தேயிலை வளர்த்த மலையகத் தமிழர்களிடம் தந்தை, இல்லையென்றால் பாட்டனும் கொள்ளுப்பாட்டனும் அங்கே பிறந்ததற்கு ஆதாரம் கேட்டது. லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், நடந்த பிறப்புகளுக்கு யார் பத்திரம் எழுதி வைத்தார்கள்? ஒரே சட்டத்தில் லட்சக்கணக்கானோர் நாடற்றவர் ஆனார்கள். 1964 அக்டோபர் 30இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தத்தில் இந்தியா 5,25,000 பேரையும் இலங்கை 3,00,000 பேரையும் ஏற்பதென்று பேசினார்கள். மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974 ஒப்பந்தம் பாதிப் பாதியாகப் பிரித்தது. கேட்கப்படாதவர்கள் அந்த மக்கள் மட்டுமே.

அப்படித் தாயகம் திரும்பியவர்களுக்குத் தந்த குடும்ப அட்டை என் பாட்டியின் தகரப் பெட்டியில் இன்னும் இருக்கிறது. பெயர், வயது, உறவு, இந்தியாவில் தரப்படும் மறுவாழ்வு உதவி என்ன என்று எழுதியிருக்கிறது. மடித்த இடங்களில் கிழிந்து, துணி ஒட்டித் தைத்தது. அந்த அட்டையில்தான் ஒரு குடும்பம் எங்கே போக வேண்டும், என்ன தொழில் செய்ய வேண்டும் என்பது இருந்தது. தலைமன்னாரிலிருந்து கப்பலில் வந்து மண்டபம் முகாமில் இறங்கியவர்களில் பலருக்குச் சமவெளி மாவட்டங்களில் சிறு வியாபாரக் கடன் எழுதிக் கொடுத்தார்கள். தேயிலையைத் தவிர வேறொன்றும் அறியாதவர்கள் கடையை வைத்து என்ன செய்வார்கள்? கடன் கரைந்ததும் சொந்தக்காரர் இருக்கும் இடம் கேட்டு நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் ஏறி வந்தார்கள். 1968இல் இவர்களுக்காகவே வனத்துறை தொடங்கிய தேயிலைத் திட்டம் பிறகு டான்டீ என்ற அரசுக் கழகமானது. கோத்தகிரி, குன்னூர், கூடலூர், பந்தலூர்ப் பகுதிகளில் அது பல குடும்பங்களுக்கு வேலையும் லைன் வீடும் தந்தது. அட்டையில் வேறு மாவட்டம் எழுதப்பட்டு, தாமாக மலையேறி வந்தவர்களுக்கு அந்த வேலை எளிதில் கிடைக்கவில்லை. அவர்கள் தனியார் தோட்டங்களில் தற்காலிகக் கூலியாகவும், காட்டோரம் குடிசை போட்டவர்களாகவும் ஆனார்கள். ஒரே கப்பலில் வந்த இரு குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இன்று எப்படி வாழ்கிறார்கள் என்று பார்த்தால், அந்த அட்டையின் ஒரு வரி எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று தெரியும். இன்று டான்டீயே சுருங்கிக்கொண்டிருக்கிறது; ஓய்வு பெறுகிறவர்களின் முதல் கவலை வீடு.

எங்களுக்கும் ஜார்க்கண்ட் தொழிலாளிக்கும் ஒரு வித்தியாசம் உண்டு, அது பெரியது. தாயகம் திரும்பியவர்கள் குடியுரிமையோடு வந்தார்கள். விரைவில் வாக்காளர் ஆனார்கள். கூடலூரிலும் கோத்தகிரியிலும் அவர்களைக் கேட்காமல் எந்தக் கட்சியும் தேர்தலைச் சந்திக்க முடிவதில்லை. சாலையும் பள்ளியும் அப்படித்தான் வந்தன. ஜார்க்கண்ட் தொழிலாளிக்கும் சட்டப்படி வழி இருக்கிறது: 1950ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் ‘வழக்கமாக வசிக்கும்’ இடத்தில் பெயர் சேர்க்கச் சொல்கிறது. ஆனால் ஓர் இடத்தில்தான் பெயர் இருக்கலாம். ஊர் அட்டையைப் போலவே ஊர் ஓட்டையும் அவர் விடுவதில்லை. அதனால் இந்த மலையில் அவருக்காகப் பேச வேண்டிய கட்டாயம் எந்த ஊராட்சித் தலைவருக்கும் இல்லை. தொழிலாளர் சட்டமும் வெகுகாலம் உதவவில்லை. 1979ஆம் ஆண்டின் மாநிலங்களுக்கிடையிலான புலம்பெயர் தொழிலாளர் சட்டம் ஒப்பந்தக்காரர் மூலம் வந்தவரைத்தான் கணக்கில் எடுத்தது. மச்சான் போன் செய்தார், வந்துவிட்டேன் என்று வருகிறவர் அதில் இல்லை. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்பு, தாமாக வருகிறவரையும் புலம்பெயர் தொழிலாளர் என்று ஏற்கிறது. ஆனால் பத்துப் பேருக்குக் குறைவாக வைத்திருக்கும் சிறு தோட்டங்கள் அதிலும் வெளியேதான்.

அட்டை கொடுத்தால் எல்லோரும் இங்கேயே வந்துவிடமாட்டார்களா என்ற அச்சம் நம்மிடையே இருக்கிறது. நேரடியாகக் கேட்கவில்லையென்றாலும் உங்கள் கேள்வியிலும் அதன் சாயல் இருக்கிறது. நான் அதை ஏற்கவில்லை. வேலை இருக்கிற இடத்துக்கு ஆள் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள், அட்டை இல்லாமலேயே. அட்டை இல்லாததால் வராமல் நின்றவர்கள் குழந்தைகளும் முதியவர்களும்தான். அட்டை கேட்காமல் நாம் தருகிறவற்றைப் பாருங்கள். 2023 ஆகஸ்டு முதல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளிலும் போடுகிற காலை உணவு, பள்ளிக்கு வந்த பிள்ளை யாராக இருந்தாலும் கிடைக்கிறது. 2024 முதல் நீலகிரியிலும் ஓடுகிற பெண்களுக்கான கட்டணமில்லா பஸ்ஸில் நடத்துநர் ஊர் கேட்பதில்லை. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்தவருக்கு மருத்துவக் கல்லூரியில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு. அது பிறந்த ஊரைப் பார்ப்பதில்லை, படித்த பள்ளியைப் பார்க்கிறது. சீனப் பிள்ளை பதிவுள்ள மாகாணத்துக்குப் போய் நுழைவுத் தேர்வு எழுதுவதோடு இதை ஒப்பிடுங்கள். உழைக்கிற இடத்தில் இருப்பவருக்கு, இருக்கிறார் என்பதற்காகவே தருவது என்ற வழியில் தமிழ்நாடு ஏற்கெனவே பாதி தூரம் நடந்திருக்கிறது. மீதியையும் நடக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வியட்நாம்கூட, சீனாவைப் போலவே வைத்திருந்த குடும்பப் பதிவுப் புத்தகத்தை 2022 முடிவோடு கைவிட்டுவிட்டது.

இனி உங்கள் தோட்டத்துக் குடும்பத்துக்கு என்ன செய்யலாம் என்று சொல்கிறேன்.

ஜார்க்கண்ட் அட்டையில் பெயரை நீக்கச் சொல்லாதீர்கள். இங்கே புது அட்டை உறுதியாகும் முன்பு அதைச் செய்தால் இரண்டும் இல்லாமல் போகும். முதலில் அந்த அட்டை முன்னுரிமைக் குடும்ப அட்டையா அல்லது மிக வறியவர்களுக்கான அந்தியோதயா அட்டையா என்று பாருங்கள். இரண்டில் ஒன்றாக இருந்தால்தான் இங்கே அரிசி வாங்க முடியும். கணவன், மனைவி இருவரின் ஆதாரும் அட்டையோடு இணைக்கப்பட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் அதை ஊரில்தான் செய்ய வேண்டியிருக்கும், அடுத்த முறை ஊருக்குப் போகும்போது மறக்காமல் செய்யச் சொல்லுங்கள். அட்டை எண்ணையும் ஆதாரையும் எடுத்துக்கொண்டு அருகிலுள்ள நியாயவிலைக் கடைக்கு முதல்முறை நீங்களும் கூடப் போங்கள். மொழி தெரியாததால் திரும்பி வருகிறவர்கள்தான் அதிகம். ஊரில் இருக்கிறவர்கள் தங்கள் பங்கை மட்டும் வாங்கி, இவர்கள் பங்கை விட்டுவைக்கப் போனில் சொல்லிக்கொள்ள வேண்டும். அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கான மத்திய அரசின் இ-ஷ்ரம் பதிவு இல்லையென்றால் இ-சேவை மையத்தில் செய்துவிடுங்கள். அந்தப் பதிவு உள்ளவர்களுக்கு ரேஷன் அட்டை தரச் சொல்லி உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு உத்தரவிட்டிருக்கிறது, கேட்பதற்கு அது ஒரு பிடிமானம்.

உங்கள் கொட்டகைக்கு ஒரு பக்க அளவில் வாடகை ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். இதற்குத்தான் பல தோட்டக்காரர்கள் தயங்குகிறார்கள், நாளைக்கு இடத்துக்கு உரிமை கேட்டுவிடுவார்களோ என்று. பதினோரு மாத ஒப்பந்தம் யாருக்கும் நிலத்தைத் தருவதில்லை. ஆதாரில் இங்குள்ள முகவரி வேண்டும் என்று அவர்கள் ஒருநாள் முடிவு செய்தால், அந்த ஒரு தாள் இல்லாமல் எதுவும் நகராது.

குழந்தைகளுக்கு எந்த அட்டையும் தேவையில்லை. சின்னது அங்கன்வாடி வயதில் இருந்தால் தாயின் ஆதாரோடு போனால் போதும். ஊரில் ஏற்கெனவே பதிவாகியிருந்தால் ‘போஷன் டிராக்கர்’ செயலியில் இங்கே மாற்றிக்கொள்ள வசதி இருக்கிறது, அங்கன்வாடிப் பணியாளருக்குத் தெரியும். பெரியதைப் பள்ளியில் சேர்க்க மாற்றுச் சான்றிதழ் இல்லை, பிறப்புச் சான்று இல்லை என்று யாரும் திருப்பி அனுப்ப முடியாது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்கச் சொல்கிறது, சேர்க்கைக் காலம் முடிந்துவிட்டது என்று மறுக்கவும் இடமில்லை. ஜூன் வரை காத்திருக்க வேண்டாம். இந்த வாரமே அழைத்துப் போங்கள்.